மெட்ராசுக்குப் போன தண்ணீர்

தண்ணீரை மோந்து பார்க்கிற உத்தியோகத்துக்கு மூக்குப்பொடி போடுகிறவனை எவன் சேர்த்தான் என்று கெமிஸ்ட் பட்டாபி சார் வாரத்துக்கு ஒரு தடவையாவது என்னைக் கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நானும் சிரித்துவிட்டு, வாசலுக்குப் போய் இன்னொரு சிட்டிகை இழுத்துவிட்டு வருவேன். இப்போது பொடியை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. விட்டு என்ன புண்ணியம்? விட வேண்டிய நாளில் விடவில்லை.

பாளையங்கோட்டையில் குடிதண்ணீர் சோதிக்கிற ஒரு சின்ன ஆபீசில் எனக்கு வேலை. அம்மையப்பன் என்று பெயர். வெள்ளைக் கேன்கள், ஐஸ் பெட்டி, குழாய் வாயைச் சுட்டுச் சுத்தம் பண்ண ஒரு ஸ்பிரிட் விளக்கு, இவ்வளவையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் குழாய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர்கள் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். "தண்ணிக்கு என்னவே லக்கேஜு? நீரு குடிக்கித தண்ணிதாம்வே இது" என்று நானும் விடமாட்டேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் அதிகம்.

தொண்ணூற்று நாலு தை மாசம் ஒரு மனு வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருந்தது. பத்தமடைக்குக் கிழக்கே கருவேலம்புதூர் என்று ஒரு சிற்றூர். அங்கே பஞ்சாயத்து மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடுகிற மாடக்கண்ணு எழுதியிருந்தார். 'எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் புதுச் செருப்பு வாடை அடிக்கிறது. டப்பா கம்பெனி வந்த பிறகுதான் இப்படி. நானே திறந்துவிட்டு நானே குடிக்கிறேன். என் மகளுக்கு இரண்டு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவதாக உண்டாகியிருக்கிறாள். இதுவாவது நிற்க வேண்டும். ஐயா அவர்கள் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.' இவ்வளவுதான் மனு.

பட்டாபி சார் அதை இரண்டு தரம் படித்தார்.

"ஓய் அம்மையப்பன், நாம பார்க்கிறது உப்பு, சுண்ணாம்பு, கிருமி. பிளாஸ்டிக்கை இளக்கறதுக்கு ஒரு எண்ணெய் சேர்ப்பா. உருக்கினா என்னென்னமோ கசியும். அதைப் பார்க்க நம்மகிட்ட மிஷின் ஏது?"

"அப்ப உப்பு சரியா இருக்குன்னு எழுதி அனுப்பிருவோமா சார்?"

"அப்படி எழுதினா இந்த மனுஷன் என்ன பண்ணுவான் ஓய்?" என்று கேட்டுவிட்டு, மெட்ராசில் பெரிய லேபில் இருந்த தன் கூடப் படித்தவருக்கு அன்றைக்கே கடிதம் போட்டார். பதில் வந்தது. தயவுக்காகச் செய்து தருகிறோம், ஆனால் ஊருக்கு ஒரு பாட்டில்தான், இரண்டாவது கேட்கக்கூடாது என்று. பிளாஸ்டிக் கேனில் பிடித்தால் கேனில் உள்ளதே தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் கண்ணாடிப் பாட்டில். பட்டாபி சாரே அதை ஆசிட் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார். "குழந்தை மாதிரி கொண்டு போய்ட்டு வாரும்" என்றார்.

மாசி மாச வெயிலில் கருவேலம்புதூரில் போய் இறங்கினேன். அறுத்த வயலெல்லாம் தாள்கட்டையாகக் கிடந்தது. ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் டவுண்காரர் ஒருவர் போட்ட ஷெட். பழைய ஒயர், ஆஸ்பத்திரி டியூப், பிய்ந்த செருப்பு, மருந்து வந்த நீல டிரம் எல்லாவற்றையும் கழுவி உருக்கித் தோட்டத்துக்கான கருப்பு டியூப் செய்தார்கள். ஊரில் அதற்குத்தான் டப்பா கம்பெனி என்று பெயர். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போனது. ஓடையை ஒட்டியே பஞ்சாயத்தின் ஆழ்குழாய்.

மாடக்கண்ணு பஸ் நிறுத்தத்திலேயே நின்றார். ஐம்பது வயசிருக்கும். வால்வு திருகித் திருகி வலது கை மட்டும் தடித்த ஆள். நேரே தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனார். தொட்டிக்குக் கீழே உள்ள குழாயைச் சுட்டு, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, எங்கள் ஆபீசுக்கான கேனை நானே பிடித்து மூடினேன். கண்ணாடிப் பாட்டிலை மட்டும் தெருக்குழாயில் பிடிக்க வேண்டும், ஜனங்கள் குடிக்கிற இடத்தில் பிடித்தால்தான் கணக்கு என்று பட்டாபி சார் சொல்லியிருந்தார்.

"தெருவுக்கு இன்னும் தொறக்கல சார். நீங்க வீட்டுல இருங்க. நான் வால்வத் தொறந்துட்டு வாரேன்" என்று மாடக்கண்ணு என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அவர் மனைவி தங்கத்தாய் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம், முறத்தில் தூளும் இலையும். வீடு முழுக்கப் புகையிலை நெடி. என்னைப் பார்த்ததும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாக்கு வறண்டு கிடந்த எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. இதில் என்ன செருப்பு வாடையைக் கண்டார்கள், சும்மா மனுப் போடுகிறார்கள் என்று மனசுக்குள் எரிச்சல்கூடப் பட்டேன்.

மகள் முத்துராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. அதே தெருவில் அத்தை மகன் செந்தில்முருகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவன் கேரளாவில் கொத்து வேலை. மூன்றாவது மாசமே மகளைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள் தங்கத்தாய்.

"இவளுக்கு மட்டும் நான் ஆத்துத் தண்ணி தூக்கியாரேன் சார்" என்றாள். "வெடியமுன்ன போவேன். ரெண்டு மைலு. தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. இந்தக் கொழாத் தண்ணிய வாயில வைக்க விடமாட்டேன். மொத ரெண்டும் போனப்ப இதைத்தான குடிச்சா. டாக்டரம்மா ரத்தம் இல்லங்காவ, பீடித் தூளுங்காவ. நானும் இந்தத் தூளுக்குள்ள கெடந்துதான நாலு பெத்தேன்?"

"எம்மா, வந்தவியள்ட்ட இதையா பேசுவ?" என்றாள் முத்துராணி.

"ஏன், சார் நம்ம பிள்ளை மாதிரி. சாப்பிடுங்க சார். நேரமாயிட்டு."

வேண்டாம் என்று சொல்வதற்குள் இலை விழுந்துவிட்டது. சோறு, புளிக்குழம்பு, உவரிக் கருவாடு சுட்டது. பாதி தின்றிருப்பேன், வாசலில் குழாய் உறுமி, காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. நான் எச்சில் கையோடு எழுந்தேன்.

"இருங்க சார், எலையில இருந்து எந்திரிக்காதிய. நான் பிடிச்சாரேன்."

"அக்கா, அது மெட்ராசுக்குப் போற பாட்டில். பெரிய பெரிய ஆளுக கைக்குப் போவுது. அஞ்சு நிமிசம் ஓடவிட்டுட்டு, கழுத்து வரைக்கும் பிடிக்கணும். உள்ள கை படப்பிடாது."

"பாத்துப் பிடிக்கேன்" என்று தங்கத்தாய் பஞ்சைப் பிரித்துப் பாட்டிலைக் கையில் வாங்கினாள். வாசல் வெளிச்சத்தில் அது பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

சட்டப்படி அந்தப் பாட்டிலை நான்தான் பிடித்திருக்க வேண்டும். ஒரு கை கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கருவாட்டு ருசியும் ஒரு மணி பஸ்ஸும் என்னை உட்காரவைத்துவிட்டன. வாசலில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் பின்வாசல் வழியாக வந்தாள். பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லாமல் முந்தானையால் துடைத்திருந்தாள். இப்படியல்லவா பிடிக்க வேண்டும் என்று பாராட்டினேன். மோந்து பார்த்தேன். புகையிலையும் பொடியும் தவிர என் மூக்கில் வேறெதுவும் ஏறவில்லை. மூடி, அரக்கு வைத்துவிட்டேன்.

சித்திரை பிறந்து பத்து நாளில் மெட்ராசிலிருந்து பதில் வந்தது. பட்டாபி சார் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஒண்ணுமே இல்லைங்கறான் ஓய். அவ்வளவு சுத்தம். அந்தக் கம்பெனி பக்கத்துல இப்படி ஒரு தண்ணியா?"

"நல்லதுதான சார்?"

"நல்லதுதான். நல்லதுதான்" என்றார். எங்கள் சோதனையிலும் உப்பு, கிருமி எல்லாம் சரி. இரண்டையும் சேர்த்துத் தமிழில் ஒரு கடிதம் அடித்தார்கள். ஒரு நகல் தாலுகா ஆபீசுக்குப் போனது. மாடக்கண்ணுவின் நகலைத் தபாலில் போட்டிருக்கலாம். நான்தான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நல்ல சேதி சொல்லப் போகிறவனுக்கு இருக்கிற துள்ளல். டவுணில் இறங்கி முத்துராணிக்குக் கால்கிலோ அல்வாகூட வாங்கினேன்.

எட்டாவது வரை படித்தவள் என்பதால் முத்துராணிதான் கடிதத்தைப் படித்தாள். வயிறு மேடு தட்டி முகம் தெளிந்திருந்தது. "மெட்ராசுக்கு அனுப்பிய கண்ணாடிப் பாட்டில் மாதிரியில் பிளாஸ்டிக் சார்ந்த ரசாயனம் எதுவும் கண்டறியப்படவில்லை" என்று எழுத்துக்கூட்டாமல் படித்தாள். தங்கத்தாய் அடுக்களையில் அல்வாவைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி போட்டிருக்கு?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"தண்ணி நல்லாருக்காம்மா."

மாடக்கண்ணு மட்டும் கேட்டார்: "சார், வாடை அடிக்கே. காலையில தொறந்துவிடும்போது எனக்குக் கொமட்டிக்கிட்டு வருதே."

"வாடை வாடைதான் அண்ணாச்சி. வெசம் இல்லல்லா. மெட்ராஸ்காரன் மிசின் வச்சுப் பாத்துச் சொல்லுதான், உங்களுக்கு இன்னும் சந்தேகமா?" கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். பிறகு தங்கத்தாய் பக்கம் திரும்பி, "அக்கா, இனிமே ஆத்துக்கு நடக்காண்டாம். புள்ளைக்குக் கொழாத் தண்ணியே போதும். நான் சொல்லுதேன்" என்றேன்.

இதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. கடிதத்திலும் இல்லை. என் வாய்தான் சொன்னது.

"நெசமாவா சார்? எங் கழுத்து இத்துப் போச்சு" என்று பிடரியைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "இனி அந்த நேரத்துல இன்னும் நூறு பீடி சுத்தலாம். பேறுகாலச் செலவுக்கு ஆச்சு. நல்லாருப்பிய சார்."

ஆடியில் சாரல் காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது. ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் வாசலில் மாடக்கண்ணு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"பிள்ளை தங்கல சார்" என்றார். "எட்டு மாசம். அசைவு இல்லன்னு ராத்திரி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். பொம்பளப் பிள்ளை. முடியெல்லாம் இருந்துச்சு. ஓடைக்கரையிலதான் வச்சோம்."

"தண்ணி நல்லாத்தான இருந்துச்சு அண்ணாச்சி" என்று உளறினேன்.

"ஆமா சார். நீங்க என்ன செய்விய. ஒங்க காயிதத்தக் காட்டித்தான் டப்பா கம்பெனிக்காரன் தாலுகா ஆபீசுல இருந்து கம்பெனிய நடத்த மறுபடி உத்தரவு வாங்கிட்டான். அதச் சொல்ல வரல. முத்துராணிதான், அந்த சார்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்கப்பா, அல்வா வாங்கியாந்தாவல்லான்னா."

தண்ணீரால்தான் அந்தப் பிள்ளை போயிற்று என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. டாக்டர்களும் சொல்லவில்லை. தண்ணீரால் இல்லை என்பதற்கு மட்டும்தான் எங்களிடம் காகிதம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துட்டி கேட்கப் போனேன். காற்றில் டப்பா கம்பெனிப் புகை ஊருக்குள் சாய்ந்து கிடந்தது. கார் நடவுக்கு வயலெல்லாம் சேறாகத் தொளி அடித்திருந்தார்கள். மாடக்கண்ணு தொட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் தங்கத்தாய் பீடி முறத்தை மடியில் வைத்திருந்தாள், கை ஓடவில்லை. உள்ளே பாயில் முத்துராணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வீட்டில் ஒரே பூ வாசம். வந்த வழியெல்லாம் பொடி போடவில்லை, போடத் தோன்றவில்லை. அதனால் எல்லாம் மூக்கில் ஏறியது. பூ, புகையிலை, வாசலில் சொட்டிக்கொண்டிருந்த தெருக்குழாயின் வாடை. ஆமாம், புதுச் செருப்பு வாடைதான். கடையில் பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது.

தங்கத்தாய் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். துட்டி வீட்டில் எந்தத் தண்ணீர் என்றா கேட்க முடியும்? நான் குடித்தேன். ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினேன். ஒரு வாடையும் இல்லை. ஐந்து மாசத்துக்கு முன்னால் நான் குடித்த அதே தண்ணீர்.

"அக்கா, இது எந்தத் தண்ணி?"

"ஆத்துத் தண்ணிதான் சார். துட்டிக்கு நாலு பேரு வாராவ. வெடியமுன்ன போயி ஒரு கொடம் கொண்டாந்தேன்."

"அன்னைக்கு மாசியில எனக்குக் குடுத்தது?"

"அதுவும் ஆத்துத் தண்ணிதான். வீட்டுக்கு வந்தவியளுக்கு அந்த நாத்தம் பிடிச்சதையா குடுப்பேன்? நாங்க குடிக்கலாம், எங்க தலையெழுத்து. வந்த ஆளு வாயில வச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சா எங்களுக்குக் கேவலம் இல்லையா?"

சொம்பைக் கீழே வைத்தேன். கேட்காமல் வந்திருக்கலாம். கேட்டேன்.

"அக்கா, அந்தக் கண்ணாடிப் பாட்டில்ல..."

"அதுவா?" அவள் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு சின்னப் பெருமை வந்தது. "அதுக்கு நான் வெறுந் தண்ணியா பிடிச்சேன்? கொழாவுல பிடிச்சுப் பாத்தேன் சார். நொரை நொரையா, ஒரே வாடை. பாட்டிலோ அம்புட்டு அழகு. மெட்ராசுல பெரிய ஆளுக கைக்குப் போவுதுன்னிய. அவிய குடிச்சுப் பாத்துத்தான சொல்லுவாவன்னு நெனச்சேன். நம்ம ஊருத் தண்ணியத் துப்பிட்டாவன்னா? அதக் கீழ ஊத்திட்டு, கொல்லைப்பக்கமா வந்து, கொடத்துல இருந்த ஆத்துத் தண்ணியில ரெண்டு தரம் அலசிட்டு நெறைய ஊத்திக் குடுத்தேன். சோதனைக்குத்தான் நீங்களும் இவ அப்பாவும் தொட்டியில வெள்ளக் கேன்ல பிடிச்சாச்சுல்லா. இது வந்து..."

நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு வரும் ஆளுக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துப் பழகிய கை. அந்தக் கையை நான் என்ன சொல்ல? சோதனை என்றால் என்ன, எந்தப் பாட்டில் எதற்கு என்று மாடக்கண்ணு அவளிடம் சொல்லவில்லை, பொம்பளையிடம் இதை என்ன சொல்ல என்று விட்டிருப்பார். நான் சொல்லியிருக்க வேண்டும். கருவாடு தின்றுகொண்டிருந்தேன்.

அவள் முறத்தில் இருந்த இலையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். அவள் மனசு ஒவ்வொரு படியாக இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டில். காகிதம். ஆற்றுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னது. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் மகள் குடித்த குழாய்த் தண்ணீர். கடைசிப் படிக்கு ஒரு படி முன்னால் நின்று என்னைக் கேட்டாள்.

"சார், அந்தக் காயிதம் எந்தத் தண்ணிக்கு?"

உண்மையைச் சொன்னால் பட்டாபி சார் மெட்ராசுக்கு மறுபடி எழுதலாம். ஊருக்கு ஒரு பாட்டில் என்றவன் மனசிரங்கினாலும் இரங்கலாம். டப்பா கம்பெனிக்காரன் கையில் இருக்கிற காகிதம் செல்லாது என்று எழுதலாம். அதையெல்லாம் நான் பிற்பாடு என் தப்பென்று எழுதிக்கொடுத்துக் கேட்கத்தான் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் என் எதிரே இருந்தது ஒரு தாய். தன் மகளுக்காகக் கழுத்து இற்றுப்போகத் தண்ணீர் தூக்கியவள்.

"கேன் தண்ணிக்குத்தான் அக்கா" என்றேன். "வெள்ளக் கேன். அதைத்தான் பாத்தாவ. பாட்டில்... அது வழியிலயே ஒடஞ்சு போச்சு."

அவள் என்னை நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டு, முடியாமல், என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

அப்போது பாயில் அசைவு தெரிந்தது. முத்துராணி கையை ஊன்றி, மார்புக் கட்டைப் பிடித்துக்கொண்டு, பைய எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவும் கேட்டிருக்கிறாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். கடிதத்தைப் படித்தவள் அவள்தான். கண்ணாடிப் பாட்டில் என்று தன் வாயால் படித்தவள்.

"ஆமாம்மா. கேன் தண்ணின்னுதான் போட்டிருந்துச்சு" என்றாள். "நாந்தான படிச்சேன்."

"நெசமாவாட்டி?"

"ஆமா. நீ அனுப்புனத அவிய பாக்கவே இல்ல."

தங்கத்தாய் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாத்திருந்தா துப்பியிருக்க மாட்டாவ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முறத்தை மடிக்கு இழுத்தாள். அந்தக் காகிதம் எங்கே என்று நான் பிறகு ஒருநாள் மாடக்கண்ணுவிடம் கேட்டேன். முத்துராணி அன்றைக்கு ராத்திரியே அதை அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

நான் எழுந்தேன். சொம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது.

"குடிச்சிட்டுப் போங்க சார்" என்றாள் தங்கத்தாய். "ஆத்துத் தண்ணி."

முத்துராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொம்பை எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவ்வளவையும் குடித்தேன்.